நன்றாக வீசுகிறவரை ஏன் நிறுத்த வேண்டும்?

ஆசிரியருக்கு வணக்கம்.

பேஸ்போல் பற்றிச் சென்ற வாரம் வந்திருந்த வாசகர் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. ஐந்தாறு நாளைக்கு ஒருமுறை வந்து பந்து வீசிவிட்டுப் போகிற ஒருவருக்கு 325 மில்லியன் டொலரா என்று கேட்டிருந்தார், மூன்று மணி நேரத்தில் பாதி நேரம் எல்லோரும் சும்மா நிற்கிற விளையாட்டு இது என்றும் எழுதியிருந்தார். பெயர் போடவில்லை, ஆனால் அந்தத் தொகைக்கு லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸ் அணியுடன் 12 ஆண்டு ஒப்பந்தம் செய்தவர் ஜப்பானியப் பந்து வீச்சாளர் யமமோட்டோதான். 2025 உலகத் தொடரில், அதாவது கிண்ணத்துக்கான இறுதித் தொடரில், நம்முடைய ரொறன்ரோ அணியான புளூ ஜேஸைத் தோற்கடித்தவரும் அவர்தான். அந்த இரவு நானும் தூங்கவில்லை. ஆனாலும் அவருடைய மதிப்பை நாள் கணக்குப் போட்டுக் குறைத்து எழுதியது எனக்குச் சரியாகப் படவில்லை.

அவர் செய்ததைப் பாருங்கள். இரண்டாவது ஆட்டத்தில், இங்கே ரொறன்ரோவிலேயே, ஒன்பது இன்னிங்ஸையும் தனியாக வீசி முடித்தார், 105 பந்து, கொடுத்தது ஒரே ஒரு ஓட்டம், கடைசி 20 பேரையும் வரிசையாக வெளியேற்றினார். ஆறாவது ஆட்டத்தில் 96 பந்து வீசி வென்றார். மறுநாளே ஏழாவது ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ், நான்குக்கு நான்கு, நமக்குக் கிண்ணத்தைத் தரக்கூடிய ஓட்டத்தை எடுக்க வேண்டியவர் பாதி வழியில், இரண்டாவது பேஸில் நிற்கிறார், அப்போது ஒரு நாள் ஓய்வுகூட இல்லாத அதே கையோடு வந்து நின்றார். முதலில் வந்த நம்முடைய கேர்க்கின் மேல் பந்து பட்டு அவருக்கு முதல் பேஸ் இலவசமாகக் கிடைத்தது, மூன்று பேஸிலும் நம்முடைய ஆட்கள் நின்றார்கள். எங்கள் பேஸ்மென்டில் பன்னிரண்டு பேர் எழுந்து நின்றோம். அதற்குப் பிறகு ஒரு ஓட்டம்கூட அவர் கொடுக்கவில்லை. ஒன்பது இன்னிங்ஸில் முடிவு வராமல் ஆட்டம் நீண்டது, 11ஆவது இன்னிங்ஸ் வரை போய் 34 பந்தில் ஆட்டத்தை முடித்தார், ஒரே தொடரில் மூன்று வெற்றி. இதைச் செய்யக்கூடிய ஆள் உலகத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

எங்கள் வீட்டில் இதைப் பற்றிச் சண்டையே நடக்கும். என் மகன் எண்களின் ஆள். வீரர்களை அவன் ‘வார்’ என்ற கணக்கில்தான் அளப்பான், அதாவது அவருடைய இடத்தில் சாதாரணமாகக் கிடைக்கக்கூடிய ஒருவரைப் போட்டிருந்தால் அணிக்கு எத்தனை வெற்றி குறைந்திருக்கும் என்ற கணக்கு. எண்களை நான் வெறுக்கவில்லை. 2010இல் ஃபீலிக்ஸ் ஹெர்னாண்டஸ் 13 வெற்றி, 12 தோல்வி, ஆனாலும் சிறந்த பந்து வீச்சாளருக்கான சை யங் விருது அவருக்குக் கிடைத்தது, 2018இல் டிகிரோம் வெறும் 10 வெற்றியோடு அதே விருதை வாங்கினார். வெற்றி எண்ணிக்கையை மட்டும் பார்த்த முந்தைய காலத்தில் இவர்களை யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். சொந்த அணி ஓட்டம் எடுக்காததற்குப் பந்து வீசுகிறவர் என்ன செய்வார் என்பதை எல்லோருக்கும் புரிய வைத்தவை இந்தக் கணக்குகள்தான்.

ஆனால் எண்களை நம்பிப் போட்ட ஒரு கணக்குதான் 2023 ஒக்டோபரில் எங்கள் வயிற்றில் அடித்தது. மினியாபொலிஸ், தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டிய ஆட்டம். நம்முடைய பந்து வீச்சாளர் பெரியோஸ் தன்னுடைய பழைய அணியின் மைதானத்தில் நின்று மூன்று இன்னிங்ஸ் ஓட்டமே கொடுக்காமல் வீசினார், ஐந்து பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்திருந்தார், அதாவது பந்தை அடித்து ஆட விடாமலே வெளியேற்றியிருந்தார். நான்காவது இன்னிங்ஸின் முதல் ஆளுக்கு ஒரு வோக் கொடுத்தார், அதாவது நான்கு பந்தை எல்லைக்கு வெளியே போட்டு முதல் பேஸை இலவசமாக விட்டார், அவ்வளவுதான், 47 பந்தோடு அவரை வெளியே எடுத்துவிட்டு இடக்கை கிகுச்சியைக் கொண்டுவந்தார்கள். எதிரணியில் இடக்கைத் துடுப்பாளர்கள் அதிகம், இடக்கை வீச்சை அடிப்பது அவர்களுக்குக் கடினம் என்று ஆட்டத்துக்கு முன்பே போட்ட திட்டம் அது. அந்த இன்னிங்ஸில் இரண்டு ஓட்டம் போனது, 2-0 என்று தோற்றோம். நம்முடைய ஆட்கள் ஒரு ஓட்டமும் எடுக்கவில்லை என்பது உண்மை, அதை மறைக்கவில்லை. ஆனால் கண் முன்னால் நன்றாக வீசிக்கொண்டிருக்கிற ஒருவரை நிறுத்தியதை இன்றுவரை என்னால் ஏற்க முடியவில்லை. 2020 உலகத் தொடரில் தம்பா பே அணியும் இதைத்தான் செய்தது. அவர்களுடைய பந்து வீச்சாளர் பிளேக் ஸ்னெல் 73 பந்தில் ஒன்பது ஸ்ட்ரைக் அவுட், அணி 1-0 என்று முன்னால், எதிரணியின் முதல் மூன்று துடுப்பாளர்களும் அவரிடம் ஆறு தடவை வந்து ஆறு தடவையும் ஸ்ட்ரைக் அவுட் ஆகியிருந்தார்கள். அவர்கள் மூன்றாவது தடவை வருவதற்குள் ஸ்னெல்லை எடுத்தார்கள். முன்னிலையும் போனது, கிண்ணமும் போனது.

“ஒரே ஆட்டத்தில் மூன்றாவது தடவை பார்க்கிறபோது பந்து வீசுகிற எல்லாப் பிட்சரையும் கூடுதலாகத்தான் அடிக்கிறார்கள் அப்பா” என்பான் மகன். சரி, அது உண்மைதான். கை போய்விடும், அறுவை சிகிச்சை செய்ய வேண்டி வரும் என்பதும் உண்மைதான், 162 ஆட்டம் உள்ள பருவத்தில் எண்ணி எண்ணித்தான் வீச விட வேண்டும். ஆனால் அந்த மூன்றாவது தடவையில்தான் இந்த விளையாட்டின் உயிரே இருக்கிறது. துடுப்பாளர் அந்தப் பந்தை இரண்டு முறை பார்த்துவிட்டார், எங்கே வளையும் என்று அவருக்குத் தெரியும், அவருக்குத் தெரியும் என்பது வீசுகிறவருக்கும் தெரியும். இனி என்ன போடுவார்? வெளியே இருந்து பார்த்தால் எல்லோரும் சும்மா நிற்பதுபோலத்தான் இருக்கும். கேட்சருடைய கையைப் பாருங்கள், இரண்டு பந்துக்கு ஒருமுறை இடம் மாறுகிற களத்தடுப்பாளர்களைப் பாருங்கள், அந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்று தெரியும். மூன்று மணி நேரம் என்று அந்த வாசகர் எழுதியதும் பழைய கதை, 2023இல் பந்து வீசுவதற்கு நேரக் கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு சராசரி ஆட்டம் இரண்டு மணி நாற்பது நிமிடத்துக்கு இறங்கிவிட்டது.

எனக்கு மகிழ்ச்சி என்னவென்றால், பெரியோஸை எடுத்த அதே புளூ ஜேஸ் மேலாளர் ஜோன் ஷ்னைடர், 2025 உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் யெசவேஜை ஏழு இன்னிங்ஸ் வீச விட்டார். 22 வயதுப் பையன், அந்த ஆண்டின் தொடக்கத்தில் அடிமட்ட லீக்கில் வீசிக்கொண்டிருந்தவன், லொஸ் ஏஞ்சலிஸில் டொட்ஜர்ஸின் பெரிய துடுப்பாளர்கள் ஓட்டானியையும் ஃப்ரீமனையும் மூன்றாவது தடவையும் எதிர்கொண்டு 104 பந்து வீசினான். 12 ஸ்ட்ரைக் அவுட், ஒரு வோக்கூட இல்லை. அன்று மகன் கணக்கு எதுவும் சொல்லவில்லை, என்னோடு சேர்ந்து கத்தினான்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. கிரிக்கெட்டுக்கு நீங்கள் ஒரு முழுப் பக்கம் தருகிறீர்கள், அதை நானும் விரும்பிப் படிக்கிறேன். அந்த ஐந்தாவது ஆட்டத்துக்கு உங்கள் பத்திரிகையில் வந்தது மூன்று வரி, அதில் யெசவேஜின் பெயரே இல்லை. இந்த நகரத்தில் நம்முடைய பிள்ளைகள் பாதிப் பேர் நீலத் தொப்பியோடு பள்ளிக்கூடம் போகிறார்கள். வருகிற பருவத்திலாவது யார் வீசினார், எத்தனை பந்து, ஏன் எடுத்தார்கள் என்று தமிழில் எழுதுங்கள், பெற்றோரும் அவர்களோடு உட்கார்ந்து பேசுவதற்கு அது உதவும்.

இப்படிக்கு,
ஸ்காபரோவிலிருந்து ஒரு வாசகர்