துறை சராசரியை மட்டும் பார்த்து 'மலிவு' என்று எழுத வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வேகமாக வளரும் கம்பெனிகளைப் பற்றி உங்கள் வணிகப் பக்கத்தில் எழுதும்போதெல்லாம் 'துறை சராசரி பி.இ. 35, இந்தப் பங்குக்கு 30தான், எனவே மலிவு' என்கிற மாதிரி ஒரு வரி வந்துவிடுகிறது. பி.இ. என்பது பங்கின் விலை, பங்கொன்றுக்கு வரும் வருட லாபத்தைப் போல் எத்தனை மடங்கு என்கிற எண். எங்கள் போடிப் பக்கத்தில் ஏலக்காய் விற்ற காசைப் பங்கில் போடுகிறவர்கள் இப்போது நிறைய, அந்த ஒரு வரியை நம்பி வாங்குகிறவர்களும் அவர்களில் உண்டு என்பதால்தான் எழுதுகிறேன்.

அந்த 35 எப்படி வந்தது? ஒரு துறையில் ஐந்து கம்பெனிகள், பி.இ. 12, 15, 18, 20, 110 என்று வையுங்கள். சராசரி 35 வந்துவிடும். அந்த 110கூட, லாபம் திடீரென்று சரிந்ததால் வீங்கிய எண்ணாக இருக்கலாம். 30க்கு விற்கும் பங்கு சராசரியைப் பார்த்தால் மலிவு, ஆனால் ஐந்தில் நான்கைவிட விலை கூடுதல். நடுவில் இருக்கிற 18ஐப் போட்டிருந்தால் படிப்பவர் கொஞ்சம் யோசித்திருப்பார். போடி ஏலத்தில் சராசரி விலையோடு அதிகபட்ச விலையையும் சேர்த்துத்தான் வெளியிடுகிறார்கள். நல்ல 8 மி.மீ. பச்சைக் காய் என்ன விலைக்குப் போனது என்று சராசரியைப் பார்த்துச் சொல்ல முடியாது.

ஐ.டி.சி.யும் நெஸ்லேயும் ஒரே நுகர்பொருள் துறைதான். ஆனால் ஐ.டி.சி.க்கு லாபத்தில் பெரும்பகுதி சிகரெட்டிலிருந்து வருகிறது, அதன் பி.இ. பல வருடமாக நெஸ்லேயைவிட வெகுவாகக் குறைவு. இரண்டையும் கூட்டி வகுத்து என்ன பயன்? கணக்குப் போடும் முறையும் முக்கியம். 2021 மார்ச் கடைசியில் தேசியப் பங்குச் சந்தை, துணை நிறுவனங்களின் லாபத்தையும் சேர்த்து 50 பெரிய கம்பெனிகள் அடங்கிய நிஃப்டி குறியீட்டின் பி.இ.யைக் கணக்கிடத் தொடங்கியதும் 40ஐ ஒட்டி இருந்தது 33 அளவுக்கு இறங்கியது, கம்பெனிகளின் வியாபாரத்தில் ஒன்றும் மாறாமலே.

சரி, வளரும் பங்குக்கு இதையெல்லாம்விட முக்கியமானது வளர்ச்சிதான். 900 ரூபாய் பங்கு, பங்கொன்றுக்கு லாபம் 20 ரூபாய், பி.இ. 45. லாபம் வருடம் 30 சதவீதம் வளர்ந்தால் மூன்றே வருடத்தில் 44 ரூபாய் ஆகிவிடும், இன்றைய விலை அந்த லாபத்தைப் போல் 20 மடங்குதான். 15 சதவீதம்தான் வளர்ந்தது என்றால் லாபம் 30 ரூபாயில் நிற்கும், அப்போதும் 30 மடங்கு. இந்த இரண்டில் எது நடக்கும் என்பதைத் துறை சராசரி சொல்லாது. கடன், விற்பனை, கையில் வந்த ரொக்கம் எல்லாவற்றையும் பார்த்துத்தான் ஊகிக்க முடியும்.

எனவே இனி எந்தப் பங்கை மலிவு என்று எழுதினாலும் எந்தெந்தக் கம்பெனிகளோடு ஒப்பிட்டீர்கள், அவற்றின் நடு எண் என்ன, ஒவ்வொன்றின் லாபமும் மூன்று வருடமாக எப்படி வளர்ந்திருக்கிறது என்பதையும் பக்கத்திலேயே ஒரு சின்னக் கட்டத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
போடிநாயக்கனூர்.