இருட்டாக இருந்த வீடுகளையும் சொல்லுங்கள்

பிலடெல்பியாவில் ஜூலை 4, அமெரிக்க விடுதலை நாள் விழாவை நடத்துகிறவர்களுக்கு,

வணக்கம். கலை அருங்காட்சியகத்துக்கு மேலே நீங்கள் விடும் வாணவேடிக்கையைப் பார்க்க, கூட்டத்தோடு கூட்டமாக வந்து நிற்கிறவன் நான். அதை நிறுத்தச் சொல்லி எழுதவில்லை. கூடவே இரண்டு காரியம் செய்யுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

இந்த நாள் வந்தால், விடுதலைத் தலைவர்களில் ஒருவரும் பின்னாளில் அமெரிக்காவின் இரண்டாவது அதிபருமான ஜான் ஆடம்ஸ் 1776 ஜூலை 3 அன்று மனைவி அபிகேலுக்கு எழுதிய கடிதத்தை எல்லோரும் எடுத்துவிடுகிறார்கள். அணிவகுப்பு, விளையாட்டு, துப்பாக்கிச் சத்தம், மணியோசை, தீ, விளக்கலங்காரம் என்று கண்டம் முழுக்கக் கொண்டாட வேண்டும் என்றார். (அவர் மனத்தில் இருந்தது ஜூலை 2. விடுதலைத் தீர்மானம் நிறைவேறிய நாள் அதுதானே.) அந்தப் பட்டியலில் புதிது எதுவும் இல்லை. பிரிட்டனின் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பிறந்தநாளான ஜூன் 4க்கு, அவர் ஆட்சியில் இருந்த அமெரிக்கக் குடியேற்ற ஊர்களில் இதையேதான் செய்துகொண்டிருந்தார்கள். மன்னர் வேண்டாம் என்றான பிறகும் மன்னருக்குச் செய்த கொண்டாட்டத்தை விட மனம் வரவில்லை!

எனக்குப் பிடித்தது அவருடைய இன்னொரு கடிதம். முதலாம் ஆண்டு விழா முடிந்த மறுநாள், 1777 ஜூலை 5 அன்று, 11 வயது மகளுக்கு இதே பிலடெல்பியாவிலிருந்து எழுதியது. டெலவேர் ஆற்றில் கொடி கட்டிய கப்பல்கள், 13 மாநிலங்களுக்காக 13 குண்டு முழக்கம், டிரென்டன் போரில் சிறைபிடித்த ஹெஸ்ஸியப் படையினரின் (பிரிட்டனுக்காகக் கூலிக்குப் போரிட்ட ஜெர்மானியர்கள்) வாத்திய இசையோடு விருந்து. இரவில் காற்று வாங்க நடந்தவர், ஊரே சன்னல்களில் மெழுகுவத்தி ஏற்றியிருப்பதைக் கண்டு அசந்துபோகிறார். திறந்தவெளியில் வாணவேடிக்கையும் நடந்தது. 13 ராக்கெட்டுகளில் தொடங்கி 13 ராக்கெட்டுகளில் முடிந்தது என்று செய்தித்தாள் எழுதியது. இன்று நீங்கள் காட்டும் சிவப்பும் பச்சையும் அன்று கிடையாது. பொட்டாசியம் குளோரேட் என்ற வேதிப்பொருள் வாணத்துக்குள் வந்து பளிச்சென்ற நிறங்கள் பிறக்க இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. அன்று வானத்தில் தெரிந்தது கரியும் இரும்புத்தூளும் எரிகிற பொன்னிறம்தான்.

அதே கடிதத்தில் ஆடம்ஸ் ஒரு வரி போகிறபோக்கில் எழுதுகிறார்: சிடுசிடுத்த சில வீடுகள் மட்டும் இருட்டாக இருந்தனவாம். குவேக்கர்கள் என்ற கிறித்தவப் பிரிவினர் போரையும் ஏற்பதில்லை, போரின் பெயரால் விளக்கேற்றுவதையும் ஏற்பதில்லை. அப்படி விளக்கு வைக்காத வீடுகள் கல்லடி பட்டன. நிறைய சன்னல்கள் உடைந்தன என்று எலிசபெத் டிரிங்கர் என்ற குவேக்கர் பெண் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். அந்த செப்டம்பரில் அவருடைய கணவரைப் பிடித்து வர்ஜீனியாவுக்கு நாடுகடத்தினார்கள்.

ஆக, முதல் ஆண்டிலேயே இந்த விழா, யார் கொண்டாடவில்லை என்று கணக்கெடுக்கிற விழாவாகவும் இருந்திருக்கிறது. அந்தக் குணம் இன்னும் போகவில்லை. வெடிச்சத்தம் வேண்டாம் என்று யாராவது வாய் திறந்தால் தேசப்பற்று இல்லாதவன் என்கிறார்கள். போர் பார்த்துத் திரும்பிய சிப்பாய்க்கும், ஷெல்லடிக்குத் தப்பி இங்கே வந்த ஈழத்தமிழருக்கும் அந்த இரவு எப்படிப் போகும் என்று கொஞ்சம் யோசியுங்கள்.

சரி, கேட்பது இதுதான். வாணம் விடுவதற்கு முன் அந்த இரண்டாவது கடிதத்தை மேடையில் வாசியுங்கள், இருட்டு வீடுகளையும் டிரிங்கரின் நாட்குறிப்பையும் விடாமல். அப்புறம், விரும்புகிறவர்கள் அன்றிரவு சன்னலில் ஒரு விளக்கு வைக்கட்டும் என்று அறிவியுங்கள். விரும்பாதவர்களை யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்பதையும் அதே அறிவிப்பில் சொல்லுங்கள்.

நேரம் போதாது என்று மட்டும் சொல்லாதீர்கள். 1777இல் கொண்டாடும் யோசனையே ஜூலை 2 அன்றுதான் வந்தது என்று ஆடம்ஸ் எழுதுகிறார். கப்பல், விருந்து, வாணம் எல்லாம் இரண்டே நாளில் தயாராகிவிட்டன. பிரசங்கத்துக்குத்தான் நேரம் போதவில்லை, அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்துவிட்டார்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்த் தமிழன் ஒருவன்