சக்கரம் தொங்கும்போது புஷ் போல்ட்டை இறுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கார் பராமரிப்பு பற்றி உங்கள் நாளிதழில் வரும் குறிப்புகளை விடாமல் படிக்கிறேன். ஆயில் மாற்றுவது, டயர் காற்று, பேட்டரி, மழைக்கால வைப்பர் என்று எல்லாம் வருகிறது, சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷனின் இணைப்புகளில் இருக்கும் ரப்பர் புஷ் பற்றி மட்டும் ஒரு வரிகூட நான் பார்த்ததில்லை. இப்போது நிறைய பேர் உதிரி பாகத்தை ஆன்லைனில் வாங்கி, வீடியோ பார்த்து, வீட்டு வாசலிலேயே மாற்றிவிடுகிறார்கள். நல்ல விஷயம்தான், என் காருக்கு நானும் அப்படித்தான் செய்கிறேன். ஆனால் நான் பார்த்த வீடியோக்கள் பலவற்றில், போல்ட்டை எந்த நிலையில் இறுக்குவது என்ற கடைசிக் கட்டத்தை அப்படியே விட்டுவிடுகிறார்கள், அது இல்லாவிட்டால் போட்ட புது புஷ் சீக்கிரமே வீண். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நம் ஊரில் ஓடும் சின்ன கார்களில் பெரும்பாலும் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் என்ற இரும்புக் கை, வண்டியின் அடிப்பாகத்தோடு ரப்பர் புஷ் வழியாகத்தான் சேர்ந்திருக்கும். அந்த ரப்பர் வெடித்துவிட்டால் வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கும்போது கீழே 'டொக்' என்று கேட்கும், பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், அலைன்மென்ட் செய்த கொஞ்ச நாளிலேயே மறுபடி கோணல் வரும், டயர் ஓரத்தில் தேயும். சத்தம் வந்த உடனே புஷ்தான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது, ஸ்டெபிலைசர் லிங்க், ஆர்மைச் சக்கரப் பக்கத்தோடு சேர்க்கும் பால் ஜாயின்ட், ஸ்ட்ரட் மவுன்ட் என்று பக்கத்துப் பாகங்கள் எது போனாலும் கிட்டத்தட்ட இதே சத்தம்தான். நீளமான ஒரு கம்பியைக் கொடுத்து ஆர்மை மெல்ல நெம்பிப் பாருங்கள், கிழிந்த ரப்பர் வாயைப் பிளந்து காட்டிவிடும்.

இனி முக்கியமான விஷயம். புஷ் என்பது உள்ளே ஓர் இரும்புக் குழாய், வெளியே ஓர் இரும்பு வளையம், நடுவில் இரண்டோடும் ஒட்டிய ரப்பர். போல்ட்டை முழுதாக இறுக்கியதும் உள்குழாயை வண்டியின் அடிப்பாகத்தில் உள்ள பிராக்கெட் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் அது சுழலாது. வெளிவளையம் ஆர்முக்குள் அழுத்திச் செருகியது, அதுவும் தனியாகச் சுழலாது. ஆக, சக்கரம் மேலும் கீழும் போகும்போதெல்லாம் நடுவில் இருக்கும் ரப்பர்தான் முறுக்கிக்கொடுத்து, பிறகு பழைய நிலைக்கு வருகிறது. ஜாக்கியில் தூக்கிய வண்டியில் ஆர்ம் கீழே தொங்கிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் போல்ட்டை இறுக்கினால் தொங்கும் நிலையே ரப்பருக்கு இயல்பு நிலை ஆகிவிடுகிறது. வண்டியைத் தரையில் இறக்கியதும், பிழிந்த துணி மாதிரி ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும், வண்டி சும்மா நிற்கும்போதே இப்படி என்றால் வேகத்தடையில் ஏறும்போது அதன்மேல் இன்னொரு முறுக்கு விழும். எங்கள் தெருவில் ஒருவர் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்து மாற்றிய புஷ்ஷை, திரும்பவும் சத்தம் வருகிறதே என்று கழற்றிப் பார்த்தபோது நானும் கூட இருந்தேன். ரப்பர் புதுசு போலக் கறுப்பாகவே இருந்தது, ஆனால் உள்குழாயைச் சுற்றிப் பாதி வட்டத்துக்குக் கிழிந்திருந்தது. பொருள் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டினார்கள். லிஃப்டில் தூக்கியபடியே இறுக்கியதைப் பற்றி யாரும் பேசவில்லை.

சரி, வீட்டில் எப்படிச் செய்வது? வண்டியைத் தூக்குவதற்கு முன்பே, சமதளத்தில் நிற்கும்போது, சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். புது புஷ் போட்டு ஆர்மை மாட்டியதும் போல்ட்டுகளைக் கையால் அணைத்தாற்போல முடுக்கினால் போதும். பிறகு ஆர்மின் வெளிமுனையில், பால் ஜாயின்ட்டுக்குக் கீழே ஜாக்கியைக் கொடுத்து, குறித்த அளவு வரும்வரை மெதுவாகத் தூக்கி, அங்கே வைத்து இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். அப்படித் தூக்கும்போது வண்டி அதைத் தாங்கி நிற்கும் ஜாக் ஸ்டாண்டை விட்டு எழும்புகிறதா என்று கண் வைத்திருங்கள், எழும்பினால் உடனே நிறுத்துங்கள். இறுக்கும் அளவு காருக்குக் கார் மாறும், உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலைப் பாருங்கள். கடைசியில் வீல் அலைன்மென்ட் கட்டாயம்.

பழைய புஷ்ஷைக் கழற்ற ரப்பரைக் கொளுத்தும் பழக்கம் இருக்கிறது. வேண்டவே வேண்டாம், அந்தப் புகை நெஞ்சுக்குக் கேடு. லேத் பட்டறையில் ஹைட்ராலிக் பிரஸ் இருந்தால் ஆர்மைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அழுத்திக் கொடுத்துவிடுவார்கள். சில புஷ்களுக்குத் திசை உண்டு, பழையதை எடுக்கும் முன் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். புது புஷ் வழுக்கி உள்ளே போக சோப்புத் தண்ணீர் போதும், கிரீஸோ இன்ஜின் ஆயிலோ பட்டால் ரப்பர் ஊறிக் கெட்டுவிடும்.

இதைவிடப் பெரிய கவலை உயிர். வண்டியோடு வரும் ஜாக்கி டயர் மாற்ற மட்டுமே, அதை நம்பி அடியில் படுக்கக் கூடாது. ஹாலோ பிளாக்கையும் செங்கல்லையும் முட்டுக்கொடுக்கிறார்கள், பார்க்கும்போதே எனக்குப் பதறுகிறது, அவை எந்த எச்சரிக்கையும் இல்லாமல் நொறுங்கும். கெட்டியான கான்கிரீட் தரையில் ஜாக் ஸ்டாண்ட், பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை, கழற்றிய சக்கரத்தை வண்டியின் பக்கவாட்டுக்கு அடியில் தள்ளி வைப்பது, இவ்வளவும் இருந்தால்தான் கையை உள்ளே விட வேண்டும்.

புஷ் இவ்வளவு சீக்கிரம் போவதற்கு நம் வேகத்தடைகளுக்கும் பங்கு உண்டு. 25 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம் என்று சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்திய சாலைகள் காங்கிரஸ் என்ற அமைப்பின் வழிகாட்டுதல் சொல்கிறது. எங்கள் பகுதித் தெருக்களில் இருப்பதோ ஓரடி அகலத்தில் செங்குத்தாகக் கொட்டிய தார் மேடு. உள்ளாட்சி நிர்வாகங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரை வைத்து இந்த வேலையைப் படங்களோடு அரைப் பக்கத்துக்காவது வெளியிடுங்கள். புஷ் தயாரிக்கும் நிறுவனங்களுக்கும் சொல்கிறேன், பெட்டியின் மேல் 'வண்டியின் எடை சக்கரத்தில் இருக்கும்போது மட்டும் இறுக்கவும்' என்று தமிழில் ஒரு வரி அச்சிடுங்கள். வாங்குபவர் கண்ணில் முதலில் படுவது அந்தப் பெட்டிதான்.

இப்படிக்கு,
வாசகர், ஈரோடு