வாசிக்கப் பழகின பிள்ளைகளுக்கும் பழக்க உதவின எல்லாருக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம்.

ஆசிரியர் தினத்துக்கு எனக்கு கெடச்ச பாராட்டு பத்தி கேள்விப்பட்டு போன் எடுத்தவங்க, மெசேஜ் போட்டவங்க, கேக் வாங்கிட்டு வீட்டுக்கே வந்தவங்கன்னு இவ்வளவு பேர் இருப்பீங்கன்னு நான் நெனைக்கவே இல்ல. எல்லாருக்கும் தனித்தனியா பதில் போட ஏலாம இருக்கு, அதனால பொதுவா ஒரு நன்றி மடல் எழுதுறேன். கொஞ்சம் நீளமா தான் வரும், நன்றி சொல்ல வேண்டிய ஆக்கள் நெறைய, பொறுமையா வாசிங்க.

முதல்ல இந்த பாராட்டு எதுக்குன்னு சொல்லணும், ஏன்னா நெறைய பேர் ஸ்கொலர்ஷிப் ரிசல்ட்ஸுக்குன்னு நெனச்சிட்டு வாழ்த்துறீங்க. இல்ல. எழுத்து வாசிப்பு வராத பிள்ளைகளுக்கு ஸ்கூல் விட்ட பிறகு நாங்க செய்ற பரிகாரக் கற்பித்தலுக்கு தான் குடுத்தாங்க. எனக்கு அதுல தான் ரொம்ப சந்தோசம். தரம் 5 புலமைப்பரிசில் பாஸ் பண்ணின பிள்ளைக்கு கேட்ல பெனர் போடுவாங்க, போட்டோ வரும், மாலை போடுவாங்க, அது நல்லது தான், அந்த பிள்ளை படிச்சது தானே. ஆனா தரம் 3 க்கு வந்தும் தன்ட பேர எழுதத் தெரியாம இருந்த ஒரு பிள்ளை வருச முடிவுல ஒரு பந்தி முழுசா வாசிச்சா அதுக்கு பெனரும் இல்ல, கணக்குல எடுக்குற ஆளும் இல்ல. அந்த வேலைய இந்த முறை ஒரு மேடையில பேர் சொல்லி கூப்பிட்டாங்க. எனக்கு கண் கலங்கினது அதுக்கு தான்.

இந்த பிள்ளைகளுக்கு மூளை இல்லன்னு யாரும் தயவுசெஞ்சு சொல்லாதீங்க. யோசிச்சு பாருங்க, 2020 ஜனவரில தரம் 1 க்கு வந்த பிள்ளைகள், மார்ச் நடுவுல கொரோனாவால ஸ்கூல் மூடியாச்சு. கொழும்புல ஊரடங்கு மே மாசம் வரைக்கும் போச்சு, ஒக்டோபர்ல திரும்பவும் முகத்துவாரம், மட்டக்குளி, கிராண்ட்பாஸ் பக்கமெல்லாம் மூடினாங்க, அடுத்த வருசமும் முக்கால்வாசி மூடித் தான் கெடந்துச்சு. ஒன்லைன் கிளாஸ்னு சொன்னோம், ஆனா எங்கட பிள்ளைகள்ட வீட்டுல இருக்கிறது ஒரு போன், அதயும் அப்பா வேலைக்கு கொண்டு போயிருவார், இரவு அவர் வரும்போது டேட்டா முடிஞ்சிருக்கும், பிள்ளை நித்திரையாயிருக்கும். அப்படி ரெண்டு வருசம் போய் 2022 ஏப்ரல்ல ஸ்கூல் புது வருசம் தொடங்கும்போது அவங்க தரம் 3. புத்தகத்துல கதை இருக்கு, கதையில இருக்கிற எழுத்து தெரியாது. கணக்கு தெரிஞ்ச பிள்ளைக்கு கூட கேள்விய வாசிக்கத் தெரியாததால புள்ளி இல்ல. அந்த வகுப்பு எனக்கு வந்துச்சு.

எங்கட அதிபருக்கு முதல் நன்றி. ஸ்கூல் விட்ட பிறகு ஒரு ரூம் தாங்க சேர்னு கேட்ட உடனே, எத்தன மணி வரைக்கும்னு மட்டும் தான் கேட்டார். "இதுகள பார்த்துட்டு இருந்தா மத்த பிள்ளைகள்ட ரிசல்ட் அடிபடும்"னு ஒரு இடத்துல என்ட முகத்துக்கு நேராவே சொன்னாங்க, அத அவர்கிட்ட சொன்னப்போ, ரிசல்ட்ஸ் பத்தி யார் கேட்டாலும் நான் பதில் சொல்றேன், நீங்க கிளாஸ நடத்துங்க மிஸ்னு சொன்னார். அந்த ஒரு வசனத்துல தான் இவ்வளவு வருசமும் ஓடுது சேர். உங்களுக்கு தெரியணும்னு இங்க எழுதுறேன்.

எங்கட ஆசிரிய ஆலோசகர் டீச்சருக்கு அடுத்தது. நான் எல்லாரையும் போல அ, ஆ, இ, ஈல இருந்து தொடங்க தான் இருந்தேன். அவங்க தான் நிப்பாட்டினாங்க. 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஆய்தத்தோட 247ன்னு பார்த்தாலே பிள்ளை பயந்துரும், எழுதவும் லேசா சொல்லாக்கவும் லேசா இருக்கிற எழுத்துல பிடிங்கன்னு சொல்லி ட, ப, மல தொடங்க வச்சாங்க. மூணு எழுத்தும் ஒரு குற்றும் (மேல வைக்கிற புள்ளி) தெரிஞ்சா படம், மடம், பட்டம், மட்டம்னு முதல் கிழமையே பிள்ளை சொல் வாசிக்குது. ரெண்டு வருசமா எழுத்து ஒன்னும் விளங்காம இருந்த பிள்ளைக்கு முதல் கிழமையே "எனக்கு வாசிக்க ஏலும்"னு தோணினா அதுக்கு பிறகு அது கிளாஸுக்கு வராம நிக்காது. இத எனக்கு சொல்லித் தந்தது அவங்க.

இனி மட்டை கதை. 2022 எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்கு மறந்திருக்காது, பொருளாதார நெருக்கடியில பேப்பர் இல்லாம மேல் மாகாணத்துல தவணைப் பரீட்சையவே தள்ளிப் போட்ட வருசம், லைட் கட், பெற்றோல் கியூ. எனக்கு எழுத்து அட்டை செய்ய பிரிஸ்டல் போர்ட் வாங்குற விலையில்ல. என்ட வகுப்பு பிள்ளை ஒருத்தன்ட அப்பா புறக்கோட்டையில நாட்டாமி வேலை, துணிக்கடைக்கு சாமான் இறக்குறவர். ஷேர்ட் மடிச்சு வைக்கும்போது உள்ளுக்கு ஒரு மட்டை வைப்பாங்க இல்லையா, ஒரு பக்கம் வெள்ளையா, மத்த பக்கம் சாம்பலா இருக்கும், அத கடையில தூக்கி வீசுறாங்க மிஸ் வேணுமான்னு கேட்டார். ஒரு கட்டு கொண்டு வந்து தந்தார், பிறகு ஒவ்வொரு மாசமும் கொண்டு வந்தார், பகல் முழுக்க மூட்டை தூக்கின மனுசன் அத தோளுல வச்சிட்டு நடந்தே வருவார். வெள்ளப் பக்கத்துல கறுப்பு மார்க்கரால எழுத்த எழுதினோம், கொம்பு (ெ), அரவு (ா) எல்லாத்தயும் தனித்தனி சின்ன மட்டையில சிவப்புல எழுதினோம். ஏன்னா எங்கட பிள்ளைகள் இடறி விழுற இடமே அங்க தான். "கெ"ன்னு வாசிக்க கண்ணுக்கு முதல்ல படுறது கொம்பு, ஆனா வாய்ல முதல்ல வாறது க். "கொ"ன்னா இன்னும் கஷ்டம், முன்னுக்கு கொம்பு, பின்னுக்கு அரவு, நடுவுல க. கொப்பின்னு எழுதச் சொன்னா காப்பி, கெப்பி, கேப்பி எல்லாம் வரும். சிவப்பு மட்டைய கையால எடுத்து முன்னுக்கும் பின்னுக்கும் வச்சு வச்சு பார்த்த பிறகு தான் அது பிடிபட்டுச்சு. அந்த மட்டைகள் இன்னும் இருக்கு, ஓரமெல்லாம் தேஞ்சு போய் டேப் ஒட்டி வச்சிருக்கோம். அண்ணா, பாராட்டுப் பத்திரத்துல "புதிய கற்பித்தல் சாதனங்கள்"னு எழுதியிருக்கிறது நீங்க தோளுல சுமந்து வந்த மட்டைய தான்.

கொமினிக்கேஷன் கடை தம்பிக்கும் நன்றி, ஒரு பக்கம் பழுதான போட்டோகொப்பி பேப்பர் எல்லாத்தயும் வீசாம எங்களுக்குன்னு பெட்டியில போட்டு வச்சதுக்கு. அந்த வருசம் ஜூன், ஜூலைல எண்ணெய் இல்லாம ஸ்கூல் மூடினப்போ சேர்ச் ஹோல தந்த ஃபாதருக்கு நன்றி. எங்கட கிளாஸ்ல கோயிலுக்கு போற பிள்ளையும் பள்ளிவாசலுக்கு போற பிள்ளையும் தான் கூட, ஃபாதர் அத ஒரு நாளும் கேக்கல, பிளேன்டீயும் பணிசும் தான் குடுத்தனுப்பினார். த்ரீவீல் ஓட்டுற அப்பாமார் ரெண்டு பேர், பெற்றோல் கியூவுல ரெண்டு நாள் நின்னு அடிச்ச பெற்றோல்ல பிள்ளைகள கூட்டிட்டு வந்து விட்டாங்க, அது அவங்கட ஒரு நாள் ஹயர் காசு, எனக்கு தெரியும்.

எங்கட வாச்சர் மாமாவுக்கு தமிழ் அவ்வளவா வராது, அதனால இத அவருக்கு நான் நேர்ல சிங்களத்துல சொல்லிட்டேன், இருந்தாலும் எழுதணும். 1.30 க்கு மணி அடிச்சா கேட்ட பூட்டிட்டு அவர் போகலாம். ஒரு நாளும் அவசரப்படுத்தினதில்ல, கடைசிப் பிள்ளைய கூட்டிட்டு போக ஆள் வாற வரைக்கும் கதிரைய கேட்டுக்கு பக்கத்துல போட்டு இருப்பார்.

புத்தகத்துக்கு வெள்ளவத்தை தமிழ்ச் சங்கத்து லைப்ரரிக்கு கட்டாயம் சொல்லணும். 1942ல தொடங்கின சங்கம், ஆராய்ச்சி செய்றவங்க, பெரியவங்க எல்லாம் வந்து உக்காந்து வாசிக்கிற இடம், அங்க போய் ஒரு பக்கத்துல ரெண்டு வரி மட்டும் இருக்கிற சின்னப்பிள்ளை கதை வேணும்னு கேட்டப்போ எடுத்துத் தந்து, இது சரியா, இன்னும் லேசா வேணுமான்னு கேட்டாங்க. எழுத்து படிச்சு முடிச்ச பிள்ளைக்கு உடனே வாசிக்க ஏதாவது கையில இல்லன்னா படிச்சது நிக்காது, அதனால இந்த உதவி எவ்வளவு பெருசுன்னு படிப்பிக்கிறவங்களுக்கு விளங்கும்.

அம்மாமாரே, உங்களுக்கு எப்படி சொல்றதுன்னு தெரியல. வீட்டு வேலை முடிச்சிட்டு பிள்ளைய கூட்டிட்டு போக வந்து வாசல்ல நின்ன ஒரு அம்மா, உள்ளுக்கு வாங்கன்னு கூப்பிட்டா வரமாட்டாங்க, கூச்சம். ஜன்னல் பக்கம் நின்னு பார்ப்பாங்க. ஒரு நாள் மகள் "மழை"ய "மளை"ன்னு வாசிச்சப்போ ஜன்னல்ல இருந்து "ழ, ழ"ன்னு சத்தம் வந்துச்சு. அவங்க ஸ்கூலுக்கு போனதே ரெண்டாம் வகுப்பு வரைக்கும் தானாம். அதுக்கு பிறகு உள்ளுக்கு வந்து மகளுக்கு பக்கத்துல உக்காந்தாங்க, இப்ப கிளினிக் கார்ட்ல இருக்கிறத அவங்களே வாசிக்கிறாங்க. அக்கா, மேடையில நிக்கும்போது நான் தேடினது உங்கள தான், பின் வரிசையில நீல சாரி கட்டிட்டு இருந்தீங்க.

பிள்ளைகளுக்கு என்ன சொல்ல. 2020ல தரம் 1 க்கு வந்த அந்த செட் 2025ல தரம் 6 க்கு போயிட்டாங்க. அதுல ஒருத்தன், தெனமும் பஸ்ஸ நம்பர பார்த்து தான் ஏறுவான், 155ன்னு இருந்தா ஏறு, இல்லன்னா நில்லுன்னு வீட்டுல சொல்லிக் குடுத்திருந்தாங்க. ஒரு நாள் ஹோல்ட்ல என்ட பக்கத்துல நின்னுட்டு பஸ் வரும்போது போர்ட பார்த்து ம... ட்... டன்னு தொடங்கி, பஸ் நிப்பாட்டி ஆக்கள் ஏறி முடியுற வரைக்கும் மெதுவா கூட்டிக் கூட்டி "மட்டக்குளி"ன்னு முழுசா வாசிச்சிட்டு, மிஸ் இவ்வளவு நாளும் இது தானா இங்க எழுதியிருந்துச்சுன்னு கேட்டான். அந்த பஸ் போயிருச்சு, நாங்க ரெண்டு பேரும் ஏறவே இல்ல. பிள்ளைகளே, நீங்க விடாம வந்தீங்க, வெக்கப்படாம சின்னவங்கட புத்தகத்த எடுத்து வாசிச்சீங்க, அதுக்கு பெரிய மனசு வேணும். மிஸ் உங்கள நெனச்சு பெருமப்படுறேன்.

வீட்டுல அவருக்கும் மாமிக்கும் மகளுக்கும் நன்றி. நான் பிந்தி வந்த நாள்ல எல்லாம் சோறு ஆக்கி வச்சது அவங்க, மட்டை வெட்டினது மகள். என்ட ஸ்டாஃப் ரூம் ஆக்களுக்கும், ரிலீஃப் பீரியட்ட மாத்தி எடுத்து எனக்கு நேரம் தந்ததுக்கு.

கிளாஸ் நிக்காது, அடுத்த தவணை தொடங்கி ரெண்டாவது கிழமையில இருந்து வழமை போல செவ்வாயும் வியாழனும் 1.45 க்கு. உங்கட பக்கத்து வீட்டுல, சொந்தக்காரர்ல எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளை இருந்தா, எங்கட ஸ்கூல் இல்லன்னாலும் பரவால்ல, பேசாம கூட்டிட்டு வாங்க, வயசு ஒன்னும் கேக்க மாட்டோம். துணிக்கடையில வேலை செய்றவங்க மட்டைய எடுத்து வைங்க, பழசெல்லாம் மாத்த வேண்டியிருக்கு.

அன்போட,
உங்கட தரம் 3 மிஸ்