மாடியில் ஒரு கேன்: நம் குடியிருப்போர் சங்கத்துக்குத் திறந்த மடல்

சங்கத்தின் தலைவர், செயலாளர், உடன் குடியிருப்போர் அனைவருக்கும் வணக்கம்.

மாடித் தோட்டத்துக்குச் சிறுநீரை உரமாக ஊற்றுகிறோம் என்று போன கூட்டத்தில் நான் சொன்னதும் பலர் முகம் சுளித்தீர்கள். "அங்கேதானே துணி காயப்போடுகிறோம்" என்று ஓர் அம்மா கேட்டது நியாயமான கேள்வி. அன்று பதில் சொல்ல நேரம் கிடைக்கவில்லை.

2019 கோடையை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்த வருஷம். லாரிக்காகக் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு வெயிலில் நின்றோம். அப்படிப் பிடித்த தண்ணீரைத்தான், ஒரு டம்ளர் சிறுநீரைத் தள்ளுவதற்குப் பத்து லிட்டர் பத்து லிட்டராகக் கொட்டினோம். நம் கட்டடத்தின் பழைய ஃப்ளஷ் தொட்டி அந்த அளவுதான். எனக்கு அது மனசைக் குடைந்துகொண்டே இருந்தது.

எங்கள் வீட்டில் இரண்டு பேர். ஆளுக்கு மூன்று ஃப்ளஷ் குறைந்ததில் நாளைக்கு 60 லிட்டர், நாலைந்து குடம், மிச்சமாகிறது. 24 வீட்டிலும் இதே அளவு மிச்சமானால் எட்டு ஒன்பது நாளுக்கு ஒரு 12,000 லிட்டர் லாரி வேண்டியிருக்காது.

நாற்றத்துக்கு வருகிறேன். சிறுநீரைத் திறந்து வைத்தால் யூரியா சிதைந்து அமோனியாவாகப் பறக்கும். மூக்கைத் துளைப்பது அதுதான், செடிக்குப் போக வேண்டிய தழைச்சத்தும் (நைட்ரஜன்) அதுதான். அதனால் இறுக்கமான மூடி போட்ட ஐந்து லிட்டர் கேன். சாயங்காலம் ஒரு பங்குக்குப் பத்து பங்கு, அரிசி களைந்த தண்ணீர் கலந்து, தண்டிலிருந்து நாலு விரல் தள்ளி மண்ணைக் கீறி ஊற்றி, மேலே மண்ணைத் தள்ளி மூடிவிடுவேன். இலையில் ஒரு சொட்டும் படவிடுவதில்லை. தேங்காய் நார்க்கழிவுப் பையில் வெளுத்துக் கிடந்த கத்தரி, இரண்டு வாரத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கரும்பச்சையாக இலை விட்டது. வாரம் ஒரு தடவைக்கு மேல் ஊற்றினால் பையில் உப்பு சேர்ந்துவிடும். மற்ற நாளில் வெறும் தண்ணீர்தான்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வழிகாட்டுதல், அந்த வீட்டார் மட்டுமே சாப்பிடும் பயிருக்கு சிறுநீரை, கிருமி சாவதற்கென்று சேமித்து வைக்காமலே ஊற்றலாம், ஆனால் அறுவடைக்கு ஒரு மாதம் முன்பே நிறுத்த வேண்டும் என்கிறது. நான் பூ விட்டதுமே நிறுத்திவிடுகிறேன். கீரை, கொத்தமல்லிப் பக்கம் போவதே இல்லை. உங்களில் சிலருக்குக் கொடுத்த தக்காளி இதில் வளர்ந்ததல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இது புதுப் பைத்தியமும் அல்ல. திருச்சி மாவட்டம் முசிறியில் 'ஸ்கோப்' தொண்டு நிறுவனம் சிறுநீரைத் தனியே பிரிக்கும் பொதுக் கழிப்பறை கட்டி, வந்து போனவர்களுக்கே தடவைக்குப் பத்து காசு கொடுத்தது. சேர்ந்த சிறுநீர் வாழைக்கு உரமானது. பஞ்சகவ்யத்தில் கோமியம் ஊற்ற நம் கை கூசுவதில்லையே.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பு. நம் கட்டடத்தைச் சுத்தம் செய்ய வரும் அக்காமார் கை இந்தக் கேனில் படவே கூடாது. யார் வீட்டுக் கேனோ அவர்களே தூக்கி, அவர்களே கழுவ வேண்டும். விதி எழுதினால் இதை முதல் வரியாக எழுதுங்கள்.

நான் கேட்பது தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்மூலையில் நாலடி இடமும் ஆறு மாத அனுமதியும். அதற்கு முன் ஒரு நாள் சாயங்காலம் மாடிக்கு வாருங்கள். நான் ஊற்றி முடித்து அரைமணி கழித்து, கொடிக்கயிற்றுப் பக்கத்தில் நின்று பாருங்கள். நாற்றம் அடித்தால் அன்றோடு நிறுத்திவிடுகிறேன்.

இப்படிக்கு,
சி பிளாக், மூன்றாவது மாடிக்காரர்