ஆற்றங்கரை மரபு நடை நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். விடுமுறை நாளின் காலைத் தூக்கத்தை விட்டுவிட்டு, முன்பின் தெரியாத முப்பது பேரை ஆற்றோரமாகக் கூட்டிப் போய்ச் சிலைகளையும் சுவரோவியங்களையும் பழைய படித்துறைகளையும் காட்டுகிறீர்கள். ஆசை இல்லாதவர்கள் செய்கிற வேலை இல்லை இது. அந்த நன்றியோடுதான் எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான்: நிற்கும் இடங்களைப் பாதியாகக் குறையுங்கள்.

போன மாதம் நான் வந்த நடையில் இரண்டு மணி நேரத்துக்குப் பதினான்கு இடங்கள். முழங்கால் வலியோடு ஒரு அம்மா எல்லோருக்கும் பின்னால் வந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு இடத்துக்கும் அவர் வந்து சேரும்போது விளக்கம் முடிந்து கூட்டம் கிளம்பியிருக்கும். முன்னால் போனவர்களுக்குக் கதையும் கிடைத்தது, கால் ஆற நேரமும் கிடைத்தது. அவருக்கு இரண்டும் இல்லை. நாலாவது இடத்துக்கு அப்புறம் நானும் அவரோடு பின்தங்கிவிட்டேன்.

அதனால்தான் அதைப் பார்த்தேன். கரைச் சுவரின் கல் விளிம்பில் வரிசையாகச் சின்னச் சின்னப் பள்ளங்கள். அந்த அம்மா குனிந்து ஒன்றில் விரலை வைத்தார், பாதி விரல் உள்ளே போனது. உள்பக்கம் கண்ணாடி மாதிரி வழவழப்பு. “கயிறு அறுத்த தடம்” என்றார். படகுக் கயிறு. எறும்பு ஊரக் கல் தேயும் என்பார்கள், இங்கே கயிறு ஊர்ந்திருக்கிறது. எத்தனை பேரின் கைகள் அந்தக் கயிற்றை இழுத்திருக்கும்! அந்த இடத்தில் பலகை இல்லை, உங்கள் பட்டியலிலும் அது இல்லை. அன்று பார்த்ததில் இன்னும் என் மனதில் நிற்பது அதுதான்.

பட்டியலில் இருப்பவற்றுக்கும் நேரம் வேண்டும். ரோமில் டைபர் ஆற்றின் கரைச் சுவரில் 2016-இல் தென்னாப்பிரிக்க ஓவியர் வில்லியம் கென்ட்ரிஜ் செய்த வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 500 மீட்டர் நீளத்துக்கு, ஆளைவிடப் பல மடங்கு உயரமான உருவங்கள். ஒரு சொட்டுச் சாயம் கிடையாது. சுவரில் படிந்திருந்த கரும்பாசியின் மேல் அச்சுத்தகடு வைத்து, சுற்றியிருந்ததை மட்டும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார்கள். கழுவாமல் விட்ட அழுக்குதான் ஓவியம். அழுக்கு திரும்பவும் படியப் படிய உருவங்கள் மங்கிப்போகும், அது தெரிந்தே செய்தது. அந்தச் சுவரே 1870 வெள்ளத்துக்குப் பிறகு ஊரைக் காக்க எழுப்பியது. கலை, வெள்ளம், ஊர் மூன்றும் ஒரே கல்லில். இதை மூன்று நிமிடத்தில் சொல்லிவிட்டு நகர முடியுமா?

லண்டனில் தேம்ஸ் கரைச் சுவரில் வரிசையாக வெண்கலச் சிங்க முகங்கள் உண்டு. வாயில் வளையம், படகு கட்டுவதற்கு. சிங்கம் தண்ணீர் குடித்தால் ஊர் மூழ்கும் என்று அங்கே ஒரு சொலவடை. அலங்காரமும் அதுதான், வெள்ளத்துக்கு அளவுகோலும் அதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீங்கள் பேசுவதற்கு முன் எங்களைப் பார்க்க விடுங்கள். புடாபெஸ்டில் டான்யூப் கரையில் இரும்பில் வார்த்த 60 ஜோடிச் செருப்புகளும் பூட்ஸ்களும் இருக்கின்றன, 2005-இல் வைத்தவை. ஆண்களுடையது, பெண்களுடையது, குழந்தைகளுடையது. 1944-45 குளிர்காலத்தில் யூதர்களைக் கரையில் நிறுத்தி, காலணிகளைக் கழற்றச் சொல்லிச் சுட்டார்கள். உடல்களை ஆறு கொண்டுபோயிற்று. அந்தச் சின்னக் காலணியைப் பார்த்து ஒருவர் தானாகவே ‘ஏன்’ என்று கேட்கும் வரை, வழிகாட்டி வாயைத் திறக்காமல் இருப்பதே மரியாதை.

ஆகவே, பதினான்கு வேண்டாம், ஏழு போதும். கடைசி ஆள் வந்து சேர்ந்த பிறகு இரண்டு நிமிடம் பேச்சில்லாமல் நிற்போம், அப்புறம் சொல்லுங்கள். ஆற்றுக்கு முதுகு காட்டி எங்களை நிறுத்தாதீர்கள். தண்ணீரைப் பின்னணியாக நினைத்துத்தானே சிற்பி அந்த இடத்தில் சிலையை வைத்திருப்பார்? விட்டுப்போன ஏழு இடங்களை இன்னொரு நாள் பார்ப்போம், தண்ணீர் மட்டம் வேறாக இருக்கும் பருவத்தில் வைத்தால் இன்னும் நல்லது.

அடுத்த நடைக்கும் பெயர் கொடுத்திருக்கிறேன். அந்த அம்மாவும் வருகிறார். கயிற்றுத் தடம் இருக்கும் இடத்தை உங்களுக்குக் காட்டுகிறோம், அங்கே கொஞ்ச நேரம் எங்களோடு நில்லுங்கள்.

அன்புடன்,
வரிசையின் கடைசியில் நடந்து வந்த ஒருவர்