தியான வகுப்புக்கு முன் கேட்க வேண்டியவை

இதழாசிரியருக்கு வணக்கம்.

பல்கலைக்கழக ஆசிரியர்களின் ஆன்மிகத்தையும் பணி மனப்பான்மையையும் இணைத்துப் பார்க்கும் ஆய்வுகள் வரவேற்கத்தக்கவை. ஆனால் அவற்றைக் காட்டி ஆசிரியர்களுக்குத் தியான வகுப்பு வைக்கும் முன், கேள்வி கேட்கும் முறையைச் சரிசெய்ய வேண்டும். ஆய்வு வினாத்தாளின் தலைப்பில் ‘பணியிட ஆன்மிகம்’ என்று அச்சிட்டால், வாங்குகிறவர் கோயில், தொழுகை, விரதம் என்று நினைத்தே பதில் எழுதுவார். இத்துறையில் அச்சொல்லுக்குப் பொருள் வேறு. 2003-இல் மில்லிமேனும் உடன் ஆய்வாளர்களும் எடுத்துக்கொண்டவை மூன்று: செய்யும் வேலையில் அர்த்தம் காண்பது, சக ஊழியரோடு ஒட்டுறவு, நிறுவனத்தின் கொள்கைகளோடு மனம் ஒத்துப்போவது. கடவுள் நம்பிக்கை இல்லாதவருக்கும் இவை பொருந்தும். ஆகவே தலைப்பில் ‘பணிச்சூழல் வினாத்தாள்’ என்று மட்டும் போடுங்கள்.

மூன்றையும் கூட்டி ஒரே மதிப்பெண் ஆக்கவே கூடாது. பாடம் நடத்துவதில் உயிரை வைத்திருக்கும் ஆசிரியருக்கு நிர்வாகத்தின் மீது துளி நம்பிக்கையும் இல்லாமல் இருக்கலாம். ஐந்துக்கு முதலாவதில் 5, இரண்டாவதில் 3, மூன்றாவதில் 1. சராசரி 3 என்று வரும். அறிக்கை ‘நடுத்தரம்’ என்று எழுதிவிட்டுப் போய்விடும். அவர் வேறு இடம் தேடும் காரணம் அந்த 3-க்குள் புதைந்துவிடும்.

ஒருவர் வேலையை விடாமல் இருக்கும் பிடிப்பான பணிப்பற்றை அளப்பதிலும் இதே கவனம் வேண்டும். விரும்பி இருப்பது, விட்டால் நஷ்டம் என்று இருப்பது, கடமை என்று இருப்பது என ஆய்வாளர்கள் ஆலனும் மேயரும் 1990-இல் பிரித்துக் காட்டினார்கள். நிரந்தரப் பேராசிரியரையும் கௌரவ விரிவுரையாளரையும் ஒரே கணக்கில் சேர்த்தால் இந்த வேறுபாடு அழிந்துவிடும்.

தாளைத் துறைத்தலைவர் கையில் கொடுத்து வசூலிக்கும் வழக்கம்தான் பெரிய கேடு. பெயர் கேட்காவிட்டால் என்ன? பதவி, பாலினம், துறை, பணியாண்டு நான்கும் கேட்டாலே போதும். எட்டுப் பேர் உள்ள துறையில் ஒரே பெண் இணைப்பேராசிரியர் யாரென்று எல்லோருக்கும் தெரியும். அவர் எப்படி 1-ஐ வட்டமிடுவார்? பணியாண்டைப் பத்துக்குக் கீழ், பத்துக்கு மேல் என்று மட்டும் கேளுங்கள். ஒட்டிய உறையில் வாங்குங்கள். பணியிட ஆன்மிகம், பணிப்பற்று என்ற இரு பகுதிகளையும் ஒரே அமர்வில் நிரப்பினால் அன்றைய மனநிலை இரண்டிலும் படிந்து, தொடர்பு உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும். மூன்று வாரமாவது இடைவெளி விட்டு, அவரவர் தாமே வைத்துக்கொள்ளும் ரகசியக் குறியீட்டால் தாள்களை இணைக்கலாம்.

ஒரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரப் பணி 40 மணி. அதில் நேரடி வகுப்பு 16 மணி. மீதி 24 மணி எங்கே போகிறது?

வேலையில் அர்த்தம் உயர்ந்தும் நிறுவனத்தோடு ஒப்புதல் தாழ்ந்தும் வரும் இடத்தில் தியான வகுப்பு பயன்படாது. பதவி உயர்வுக் கோப்புகள் எந்த மேசையில் எத்தனை மாதமாகக் கிடக்கின்றன என்று நிர்வாகம் முதலில் எண்ணிப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
மேலாண்மைத் துறை ஆசிரியர் ஒருவர்,
மதுரை.